புதைந்த கோரைப்பல்லும் அதற்குரிய வயதும்: காரைக்கால் மாவட்டம் அம்பகரத்தூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



மேல்தாடைக் கோரைப்பல் வாய்க்குள் வந்து சேர நெடுந்தூரம் நகர வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்த நான்கைந்து மாதங்களில், மூக்கின் ஓரத்தை ஒட்டி எலும்புக்குள் உயரத்தில் அது கெட்டிப்படத் தொடங்குகிறது. ஆறேழு வயதில் பல்லின் தலைப்பகுதி முழுமை பெறுகிறது. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நகர்கிறது. பக்கத்திலுள்ள வெட்டுப்பல்லின் வேரை ஒட்டி இறங்கி, பால்பல்லின் வேரைக் கரைத்து, 11, 12 வயதில் ஈறைத் தாண்டி வெளிவருகிறது. பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாகவும் இது நடக்கும். கீழ்த்தாடைக் கோரைப்பல் 9, 10 வயதிலேயே வந்துவிடும்.

வர வேண்டிய காலம் கடந்தும் எலும்புக்குள்ளோ ஈறுக்குள்ளோ தங்கிவிட்ட பல்லைப் புதைந்த பல் என்கிறார்கள். புதைவதில் ஞானப்பல்லுக்கு அடுத்த இடம் மேல்தாடைக் கோரைப்பல்லுக்குத்தான். பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை என்று சொல்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால், முந்நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் மூன்று முதல் ஒன்பது பிள்ளைகளுக்கு இது இருக்கக்கூடும். அவர்களில் பெரும்பாலோருக்கு வலி இருக்காது. பால்பல் அப்படியே நிற்பதால் வெளியே இடைவெளியும் தெரியாது. இதனால்தான் பலரும் இருபது வயதைத் தாண்டிய பிறகு, பல ஆண்டுகளாக ஆடாமல் நின்ற பால்பல் திடீரென ஆடத் தொடங்கும்போது மருத்துவரிடம் வருகிறார்கள்.

சிங்கப்பல், தெத்துப்பல் என்று வீடுகளில் சொல்லப்படுவது வேறு. அந்தப் பல் வெளியே வந்துவிட்டது. வரிசையில் இடமில்லாததால் ஈறின் மேற்புறத்தில் துருத்தி நிற்கிறது. அதற்கு இடம் ஏற்படுத்தி, கம்பி கட்டி இறக்கினால் பெரும்பாலும் போதும். புதைந்த பல் கண்ணுக்கே தெரியாதது. அதை விரலாலும் எக்ஸ்ரேயாலும்தான் கண்டுபிடிக்க முடியும்.

கோரைப்பல் மற்றப் பற்களைப்போல எளிதில் இழக்கத்தக்கதல்ல. வாயிலுள்ள பற்களில் மிக நீண்ட வேர் உடையது இதுதான். முன்பற்களும் கடைவாய்ப்பற்களும் சந்திக்கும் மூலையில் நின்று உதட்டின் ஓரத்தைத் தாங்குகிறது. பக்கவாட்டில் அசைத்து மெல்லும்போது மற்றப் பற்கள் ஒன்றோடொன்று உராயாமல் காக்கிறது. வாயில் நெடுநாள் நிலைத்து நிற்கும் பற்களில் இதுவும் ஒன்று.

பல் புதைவதற்குக் காரணம் ஒன்றல்ல. ஈறின் வெளிப்புறம், அதாவது உதட்டுப் பக்கம் புதைவதற்குப் பெரும்பாலும் இட நெருக்கடியே காரணம். தாடை சிறிதாக இருந்தாலோ, பால்பற்களைச் சொத்தையால் முன்கூட்டியே இழந்து மற்றப் பற்கள் நகர்ந்து அடைத்துவிட்டாலோ இது நேர்கிறது. அண்ணத்தின் பக்கம் புதைவதில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் இடம் போதுமான அளவு இருக்கிறது. பக்கத்து வெட்டுப்பல் மிகச் சிறிதாகவோ, ஆணி போலக் கூம்பியோ, பிறவியிலேயே இல்லாமலோ போனால் கோரைப்பல் இறங்கி வரும் வழிக்குத் துணை இல்லாமல் போகிறது. பரம்பரையும் சேர்கிறது. அண்ணனுக்கோ அம்மாவுக்கோ இந்தக் குறை இருந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளில் அண்ணப் பக்கம் புதைவதே மிகுதி. பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கிழக்காசிய மக்களிடம் உதட்டுப் பக்கம் புதைவது அதிகம் பதிவாகியிருக்கிறது.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வரும் பெரிய கேடு பக்கத்துப் பல்லுக்குத்தான். வழி தவறிய கோரைப்பல் வெட்டுப்பல்லின் வேரில் போய் முட்டும்போது அந்த வேர் கரையத் தொடங்குகிறது. வலியில்லாமலே கரைகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எரிக்சனும் குரோலும் 1987-இல் சாதாரண எக்ஸ்ரேயில் பார்த்தபோது, வழி தவறிய கோரைப்பற்களின் அருகிலிருந்த வெட்டுப்பற்களில் சுமார் 12 சதவீதத்தில் இந்தச் சேதத்தைக் கண்டார்கள். அதே ஆய்வாளர்கள் 2000-இல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேரிடம் சேதம் தெரிந்தது. சாதாரணப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நிழல்கள் உண்மையை மறைக்கின்றன. வேர் கரைதல் 10 முதல் 14 வயதுக்குள்தான் மிகுதியாக நடக்கிறது. புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாவது மற்றொரு கேடு. அது அரிதாகவே நேர்கிறது என்றாலும் தாடை எலும்பை உள்ளிருந்து அரித்துவிடும்.

இந்தக் குறைக்கு எல்லா வயதுக்கும் பொதுவான சிகிச்சை கிடையாது. ஒவ்வொரு வயதுக்கும் வழி வேறு. வயது கூடக் கூட வழி நீளமாகிறது, செலவும் கூடுகிறது, வெற்றி வாய்ப்பும் குறைகிறது.

எட்டு வயது வரை செய்ய வேண்டியது பால்பற்களைக் காப்பது மட்டுமே. விழப்போகிற பல்தானே என்று சொத்தையை விட்டுவைப்பதால் கடைவாய்ப் பால்பற்கள் காலத்துக்கு முன்பே பறிபோகின்றன. பின்னால் வரும் பற்கள் முன்னே சாய்ந்து, கோரைப்பல்லுக்குரிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. பால்பல்லைத் தவிர்க்க முடியாமல் எடுக்க நேர்ந்தால், இடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் பொருத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் பொறுப்பு.

எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை மேல் முன்பற்கள் விரிந்து, நடுவே இடைவெளியோடு நிற்பதைப் பார்த்துப் பெற்றோர் பலர் கலங்குகிறார்கள். எலும்புக்குள் இறங்கிவரும் கோரைப்பற்கள் வெட்டுப்பற்களின் வேர்நுனிகளை உள்நோக்கி நெருக்குவதால் ஏற்படும் இயல்பான நிலை இது. கோரைப்பற்கள் வந்து சேர்ந்ததும் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்கிறது. அழகுக்காக அவசரப்பட்டு அந்த வயதில் கம்பி கட்டினால், வெட்டுப்பல்லின் வேர் கோரைப்பல்லின் பாதைக்குள் தள்ளப்பட்டுச் சேதமடையக்கூடும். பிறவியில் உதடும் அண்ணமும் பிளந்த பிள்ளைகளுக்கோ இந்த வயது மிக முக்கியமானது. அவர்களுடைய ஈறெலும்புப் பிளவில் எலும்பு வைத்து நிரப்பும் அறுவை சிகிச்சை, கோரைப்பல் இறங்கி வருவதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள் செய்யப்படுகிறது. பல் இறங்க எலும்பு வேண்டும் என்பதே காரணம். சிறு வயதில் உதட்டைத் தைத்ததோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணி இருந்துவிடுவது இந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

ஒன்பது, பத்து வயதில் செய்ய வேண்டிய பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சுத்தமாகக் கழுவிய சுண்டுவிரலை மேலுதட்டுக்குள் விட்டு, கோரைப் பால்பல்லுக்கு மேலே, ஈறும் உதடும் சேரும் மடிப்பை ஒட்டித் தடவிப் பார்த்தால் பயறளவு மேடு தட்டுப்பட வேண்டும். இரண்டு பக்கமும் தட்டுப்பட்டால் பல் சரியான வழியில் வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பத்து வயது முடிந்தும் மேடு தட்டுப்படாவிட்டாலோ, ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டாலோ, மேடு அண்ணப் பக்கம் தெரிந்தாலோ பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெட்டுப்பல் சாய்ந்தோ, சிறுத்தோ இருப்பதும், ஒரு பக்கக் கோரைப்பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கப் பால்பல் ஆடாமல் இருப்பதும் எச்சரிக்கை அறிகுறிகள். பத்து வயதுக்கு முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை. அந்த வயதில் படம் பெரும்பாலும் உறுதியான பதிலைத் தராது.

சந்தேகம் எழுந்தால் முதலில் எடுக்கப்படுவது தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே. பல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, வெட்டுப்பல்லின் வேரை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பவை அதில் தெரியும். அது உதட்டுப் பக்கமா அண்ணப் பக்கமா என்பதை அறியக் கோணம் மாற்றி இரண்டு சிறு படங்கள் எடுப்பார்கள். குழாயை நகர்த்திய திசையிலேயே பல்லின் நிழலும் நகர்ந்தால் பல் அண்ணப் பக்கம் இருக்கிறது; எதிர்த்திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம் இருக்கிறது. கிளார்க் என்பவர் 1910-இல் விளக்கிய இந்த முறை இன்றும் பயன்படுகிறது. வேர்ச் சேதம் இருக்குமோ என்ற ஐயம் வந்தாலோ, அறுவை சிகிச்சைக்குத் திட்டமிடும்போதோ, முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

பத்து முதல் பதின்மூன்று வயது வரையிலான காலம் பொன்னானது. பல் அண்ணப் பக்கம் விலகத் தொடங்கியிருந்து, வரிசையில் இடமும் இருந்தால், மேல்தாடைக் கோரைப் பால்பல்லை எடுத்துவிடுவதே பல நேரங்களில் போதுமான சிகிச்சை. எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் வழி தவறிய 46 கோரைப்பற்களுக்குக் கீழே நின்ற பால்பற்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் 36, அதாவது 78 சதவீதம், பன்னிரண்டு மாதத்துக்குள் சரியான பாதைக்குத் திரும்பின. வெட்டுப்பல் வேரின் நடுக்கோட்டைக் கோரைப்பல் தாண்டாதிருந்தபோது வெற்றி 91 சதவீதம். தாண்டியிருந்தபோது 64 சதவீதம். பால்பல்லை எடுக்காமலே சில பற்கள் தாமாக வருவதும் உண்டு. 2015-இல் சுவீடனில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பால்பல் எடுத்த பக்கங்களில் 69 சதவீதமும் எடுக்காத பக்கங்களில் 39 சதவீதமும் முளைத்தன. பால்பல்லை எடுப்பதோடு மேல்தாடையை அகலப்படுத்தும் கருவியையோ, கடைவாய்ப்பற்களைப் பின்னால் நிறுத்தி இடம் காக்கும் கருவியையோ சேர்த்துப் பயன்படுத்தினால் வெற்றி கூடுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

பல்லை எடுத்ததோடு கடமை முடிவதில்லை. ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். ஓராண்டில் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த வழிக்குச் செல்ல வேண்டும். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்ற அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது உண்மையல்ல. பார்வையைக் கடத்தும் நரம்பு வேறு, மேல்பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. ஒரு பால்பல்லை உரிய வயதில் எடுப்பது பின்னாளில் ஓர் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க உதவுகிறது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை, தானாக வராத பல்லுக்கு அறுவையும் கம்பியும் சேர்ந்த சிகிச்சைதான் நிலையான வழி. பல் சீரமைப்பு நிபுணரும் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரும் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் மற்றப் பற்களுக்குக் கம்பி கட்டி, அவற்றை வரிசைப்படுத்தி, கோரைப்பல்லுக்கு இடம் திறப்பார்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகும். பிறகு ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, மேலே மூடியிருக்கும் எலும்பைச் சிறிதளவு நீக்கிப் பல்லைத் தெரியவைப்பார்கள். அதிகம் பயப்படும் பிள்ளைகளுக்கும், பல் மிக ஆழத்தில் இருப்பவர்களுக்கும் முழு மயக்கம் தேவைப்படலாம்.

இதில் இரண்டு முறைகள் உள்ளன. திறந்த முறையில் பல்லின் மேலுள்ள ஈறில் சாளரம்போல் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மருந்துப் பூச்சு வைத்து ஆறவிடுவார்கள். பல் வெளியே தெரிந்தபடி இருக்கும். மூடிய முறையில் பல்லின்மேல் சிறு பிடிப்பு ஒன்றை ஒட்டி, அதில் மெல்லிய சங்கிலியைக் கோத்து, ஈறை மறுபடி தைத்துவிடுவார்கள். சங்கிலியின் நுனி மட்டும் வெளியே இருக்கும். அண்ணப் பக்கப் பல்லுக்கு இரண்டு முறைகளும் பயன்படுகின்றன. ஒன்றைவிட மற்றொன்று மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2017-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முடிவு செய்தது. உதட்டுப் பக்கப் பல்லில் ஈறின் தன்மையே முறையைத் தீர்மானிக்கிறது. அங்கே ஈறை வெட்டி வீசிவிடாமல், பல்லின் கழுத்தைச் சுற்றிக் கெட்டியான ஈறு இருக்கும்படி அதை இடம் மாற்றித் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்.

அதன்பின் இழுக்கும் வேலை தொடங்குகிறது. விசை மென்மையாக இருக்க வேண்டும். ஐம்பது, அறுபது கிராம் அளவே போதும். பல்லை முதலில் வெட்டுப்பல்லின் வேரிலிருந்து விலக்கிய பிறகே வரிசையை நோக்கிக் கொண்டுவர வேண்டும். நேராக இழுத்தால் பக்கத்து வேர் மேலும் சேதமாகும். மொத்தச் சிகிச்சை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை நீளும். இத்தனை காலமும் மாதாந்திர வருகை தவறக் கூடாது. கம்பியைச் சுற்றி நாளுக்கு இரண்டு வேளை நன்றாகத் துலக்க வேண்டும். முறுக்கு, கடலை மிட்டாய் போன்ற கடினமான தின்பண்டங்களையும் கரும்பையும் தவிர்க்க வேண்டும். ஒட்டிய பிடிப்பு கழன்றுவிட்டால் மூடிய முறையில் மறுபடி ஈறைத் திறக்க நேரலாம். பல் வரிசைக்கு வந்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். எனவே பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டி நீண்ட காலம் நிலைநிறுத்த வேண்டும்.

எல்லாப் பல்லையும் இழுத்துக் கொண்டுவர முடியாது. மிக உயரத்தில் கிடைமட்டமாகக் கிடப்பவை, நடுக்கோட்டை நெருங்கிவிட்டவை, எலும்போடு ஒட்டிப்போனவை இழுப்புக்கு இணங்குவதில்லை. அவற்றில் சிலவற்றைக் கவனமாக எடுத்து, உரிய இடத்தில் குழி அமைத்து நட்டுவைக்கும் மாற்று நடவு முறை உண்டு. வேர்நுனி முழுமையாக மூடிக்கொள்வதற்கு முன், பதின்ம வயதில் இதைச் செய்தால் பல்லின் உயிரோட்டம் நிலைக்க வாய்ப்பு அதிகம். வேறு சிலருக்குப் புதைந்த பல்லை எடுத்துவிட்டு, முதல் முன்கடைவாய்ப்பல்லை அந்த இடத்துக்கு நகர்த்துவதே நல்லது. கீழ்த்தாடைக் கோரைப்பல் புதைவது அரிது. அப்படிப் புதைந்தவற்றில் சில, முகவாயின் நடுக்கோட்டையே தாண்டி மறுபக்கம் சென்றுவிடும். அவற்றை எடுத்துவிடுவதோ கண்காணிப்பதோதான் பெரும்பாலும் செய்யப்படுகிறது.

இருபது வயதைத் தாண்டியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. திருமணப் பேச்சு தொடங்கும்போதோ, வேலை கிடைத்துக் கையில் சம்பளம் வந்த பிறகோ சிகிச்சைக்கு வருபவர்கள் பலர். இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் பெக்கரும் சௌஷுவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்கு முக்கியமானது. சராசரியாக 29 வயதுடைய 23 பேரை இளையோரோடு ஒப்பிட்டபோது, இளையோரிடம் எல்லாப் பற்களும் வரிசைக்கு வந்தன, பெரியவர்களிடம் 69.5 சதவீதமே வந்தன. தோல்வி கண்டவர்கள் அனைவரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும் மருத்துவர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. வயது ஏற ஏறப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய நார்ப்படலம் செயல் குன்றுகிறது. பல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. இதனால் பெரியவர்களுக்கு முதலில் சிறு திருகாணி ஒன்றைத் தாடை எலும்பில் பொருத்தி, அதிலிருந்து இழுத்துப் பல் அசைகிறதா என்று சோதித்துவிட்டு, அசைந்தால் மட்டும் வாய் முழுவதும் கம்பி கட்டுவது அறிவார்ந்த வழி. சோதிக்காமல் மற்றப் பற்களை நகர்த்தி இடம் திறந்துவிட்டுப் பிறகு கோரைப்பல் வராமல் போனால் இழப்பு இரட்டிப்பாகும்.

பல் வராது என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட்டையோ, பக்கத்துப் பற்கள் தாங்கும் பாலப்பல்லையோ (பிரிட்ஜ்) வைக்கலாம். இம்பிளாண்ட் வளர்ச்சி நின்றபின் வைக்க வேண்டியது. வளரும் வயதில் வைத்தால் சுற்றியுள்ள எலும்பும் பற்களும் வளர்ந்து இறங்க, அது மட்டும் மேலேயே தங்கிவிடும். வலியோ, கட்டியோ, வேர்ச் சேதமோ இல்லாமல் பால்பல்லும் உறுதியாக நின்றால், ஒன்றும் செய்யாமல் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பதும் முறையான முடிவே. ஐம்பது, அறுபது வயதில் தற்செயலாகப் படத்தில் தெரியும் புதைந்த பல்லைத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பல்செட் அழுத்தி ஈறு புண்ணாகி அது வெளியே எட்டிப் பார்த்தாலோ, நீர்க்கட்டி தெரிந்தாலோ எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும், இரத்தம் உறையாமலிருக்கவும், எலும்பு உறுதிக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயதின் முக்கியத்துவத்தைச் சில நாடுகளின் சட்டங்களே காட்டுகின்றன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. பிரான்சில் வாழும் பிள்ளைகளுக்கு, 16-ஆவது பிறந்த நாளுக்கு முன் தொடங்கிய பல் சீரமைப்புக்குத்தான் அரசு நோய்க்காப்பீடு பொதுவாகப் பங்களிக்கிறது. பிரிட்டனில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையைப் பொறுத்து இலவசம். அங்கே தேவையை ஐந்து படிகளாகப் பிரித்த அளவுகோலில், முளைக்க முடியாமல் புதைந்த பல் மிக உயர்ந்த ஐந்தாம் படியில் வைக்கப்பட்டிருக்கிறது. இது ஒப்பனை சிகிச்சை அல்ல என்பதற்கு அதுவே சான்று.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில், 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழுக்கள் பரிசோதிக்கின்றன. பல் குறைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. அம்பகரத்தூரிலிருந்து முதலில் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கம்பியும் அறுவையும் தேவையானால் பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். புதுச்சேரியில் அரசின் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. காரைக்காலிலிருந்து அது சுமார் 130 கிலோமீட்டர். அண்ணாமலை நகரில் 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய கல்லூரி அதைவிட அருகில் இருக்கிறது. கல்லூரிகளில் பல் சீரமைப்பு, அறுவை சிகிச்சை ஆகிய இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இந்தச் சிகிச்சைக்கு அவை ஏற்றவை. இரண்டு ஆண்டுகள் மாதம் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதால், சிகிச்சையைத் தொடங்கும் முன்பே பயணத்தையும் பள்ளித் தேர்வுகளையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பயந்து தள்ளிப்போடும் குடும்பங்கள் சிகிச்சைக்கு உகந்த ஆண்டுகளையே இழக்கின்றன.

பெற்றோர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: வீட்டில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இந்த வாரமே அதன் மேலீறை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஆசிரியர்களிடம் கேட்பது: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல் பரிசோதனைக் குழு பார்க்கும்போது, கோரைப்பல் மேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மேடு தட்டுப்படாத பிள்ளையைப் பதின்மூன்று வயதாகும் முன் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த வயதில் ஒரு பால்பல்லோடு முடியக்கூடிய காரியத்தை இரண்டு ஆண்டுச் சிகிச்சையாக வளரவிடாதீர்கள்.